கேம்பர் வேன் சைடு மிரர் ஒடஞ்சா நம்மளே சரி பண்றது எப்படி

தென்மலைல ரெண்டு நாள் தங்கிட்டு ஆரியங்காவு வழியா செங்கோட்டைக்கு வந்துட்டு இருந்தேன், எதிர்ல வைக்கோல் லாரி. நம்ம பக்கத்துல இருந்து கேரளாவுக்கு வைக்கோல் ஏத்திட்டு போற லாரி எப்படி இருக்கும்னு இந்த ரோட்டுல ஓட்டுறவங்களுக்குத் தெரியும், லாரிய விட வைக்கோல் தான் பெருசா இருக்கும், ரெண்டு பக்கமும் கம்பு கட்டி வெளிய தள்ளி ஏத்திருப்பாங்க. வளைவுல என்னால முடிஞ்ச வரைக்கும் எடது பக்கம் ஒதுங்கிட்டேன், அதுக்கு மேல ஒதுங்கினா பள்ளம். ஒரு கம்பு முனை வந்து வலது பக்க மிரர்ல டப்புனு ஒரே அடி. லாரி நிக்கல, அவருக்கு பட்டதே தெரிஞ்சிருக்காது. எறங்கிப் பாத்தா கண்ணாடி பாதி ரோட்டுல கெடக்கு, கண்ணாடிய சுத்தி இருக்குற பிளாஸ்டிக் ஓடு வாயப் பொளந்துகிட்டு தொங்குது, அத டோரோட சேக்குற ஆர்ம் கோணிக்கிட்டு நிக்குது.

கார்னா உள்ள இருக்குற கண்ணாடிய வச்சு ஒப்பேத்தி வீடு வந்து சேந்துரலாம். கேம்பர் வேன்ல அந்தக் கதையே நடக்காது. என் வண்டி பழைய டெம்போ டிராவலர், பின்னாடி கட்டில், அலமாரி, தண்ணி டேங்க்னு அடைச்சாச்சு, உள் கண்ணாடில பாத்தா அலமாரிக் கதவும் அதுல தொங்குற என் லுங்கியும் தான் தெரியும். பின்னாடி வர்றவன பாக்க சைடு மிரர விட்டா வேற வழி இல்ல. அதனால நான் வச்சுக்கிட்ட கணக்கு ஒண்ணு தான், ஓடு எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் பரவால்ல, கண்ணாடி சரியான கண்ணாடியா இருக்கணும், வண்டி ஓடும்போது ஆடக்கூடாது.

ரோட்டோரம் மொதல்ல பண்ண வேண்டியது, வெறுங்கையால எதையும் தொடாம ஒடஞ்ச கண்ணாடி மேல குறுக்கும் நெடுக்குமா டேப் ஒட்டுங்க, பிரவுன் டேப்பே போதும். அப்புறம் எடுத்தா சில்லு செதறாது. ரோட்டுல கெடக்குற துண்டெல்லாம் பொறுக்கி ஒரு பைல போட்ருங்க. பின்னாடி டூவீலர்ல வர்றவன் டயர் பாவம், அதோட ஓட்டுத் துண்டு ஒவ்வொண்ணும் உங்களுக்கே அப்புறம் தேவைப்படும். நான் விரல் நீளத்துக்கு ஒரு துண்ட அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன், அந்த ஓட்டைய அடைக்க தான் ஒரு முழு ஞாயித்துக்கெழம போச்சு. தொங்குற ஓட்ட கேபிள் டை போட்டு ஆர்மோட இறுக்கிக் கட்டுங்க. பிளைண்ட் ஸ்பாட்டுக்கு, அதாவது மிரர்ல தெரியாம மறைஞ்சு போற எடத்துக்கு, ஒட்டுற குட்டி வட்டக் கண்ணாடி ஒண்ணு எப்பவும் டேஷ்போர்டுல கெடந்தா நல்லது, ஓட்டு மேல ஒட்டிக்கிட்டு மெதுவா வந்துரலாம். என்கிட்ட அது இல்ல. வீட்டுக்காரம்மாவ என் சீட்டுக்குப் பின்னாடி ஜன்னல்ல உக்கார வச்சேன், "பஸ் வருது விடுங்க, இல்ல இல்ல இருங்க, ஐயோ போயிட்டான்"னு கோட்டைவாசல் தாண்டி புளியரை எஸ் வளைவு எறங்குற வரைக்கும் ஒரே கமெண்ட்ரி.

வீட்டுக்கு வந்ததும் எதெது போயிருக்குன்னு தனித்தனியா பாருங்க. கண்ணாடி, அதுக்குப் பின்னாடி பிளாஸ்டிக் பிளேட், வெளி ஓடு, ஆர்ம், டோர்ல உக்கார்ற பேஸ், இவ்வளவு தான் மிரர். பழைய மாடல்ல கண்ணாடி ரப்பர் பீடிங்குல உக்காந்திருக்கும், பீடிங்க நெம்பினா வந்துரும். புது மாடல்ல பிளேட்டோட சேத்து கிளிப்புல மாட்டிருக்கும், அத எடுக்க கண்ணாடியோட உள்பக்க ஓரத்த அமுக்குங்க, எதிர் ஓரம் தூக்கும், அந்த சந்துல துணி சுத்தின ஸ்க்ரூ ட்ரைவரோ பிளாஸ்டிக் தோசத் திருப்பியோ விட்டு மெதுவா நெம்பணும். வராம அடம் பிடிச்சா சுடுதண்ணில முக்கின துணிய கொஞ்ச நேரம் போட்டு வைங்க, பிளாஸ்டிக் எளகிக் குடுக்கும். கைல கிளவுஸ், கண்ணுக்கு ஏதாவது ஒரு கண்ணாடி, இது ரெண்டும் இல்லாம ஆரம்பிக்காதீங்க. மோட்டார் வச்ச மிரர்னா மொதல்ல பேட்டரி மைனஸ கழட்டிட்டு ஒயர் எது எங்க போகுதுன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க.

இப்ப கண்ணாடி விஷயம், இங்க தான் எல்லாரும் ஏமாறுறாங்க. மொதல்ல புனலூர்ல ஒரு ஸ்பேர் கடைல கேட்டேன், அவர் பாத்துட்டு "கண்ணாடி மாத்ரம் கிட்டில்ல அண்ணாச்சி, ஃபுல் செட்டே உள்ளூ"ன்னுட்டார். ஃபுல் செட் வெலைய கேட்டதும் சரி சேட்டா அப்புறம் வர்றேன்னு கெளம்பிட்டேன். தென்காசில ஒரு கண்ணாடிக் கடைல, "இதுக்கு ஏன் அலையுறீக, டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடி துண்டு கெடக்கு, அளவு குடுங்க அஞ்சு நிமிசத்துல வெட்டித் தாரேன்"னாங்க. ரொம்ப பிரியமா தான் சொன்னாங்க, ஆனா அது வேண்டாம். நம்மூர் வண்டி சைடு மிரர் தட்டையா இருக்காது, வெளிப்பக்கமா லேசா பொடச்சுக்கிட்டு இருக்கும், கான்வெக்ஸ்னு சொல்றது. அப்படி இருக்குறதால தான் அந்த சின்ன கண்ணாடிக்குள்ள பக்கத்து லேன், பின் சக்கரம், ஓரத்துல வர்ற பைக்னு எல்லாம் அடங்குது. அதுக்கு வெல என்னன்னா ஒவ்வொண்ணும் சின்னதா, நெஜத்துல இருக்குறத விட தூரமா தெரியும், கண்ணாடில எழுதியே விட்ருப்பாங்க. அமெரிக்கால டிரைவர் பக்கம் தட்டைக் கண்ணாடி தான் இருக்கணும்னு சட்டம், அந்த ரோடு அகலத்துக்கு அது சரியா வரும். ஆரியங்காவு ரோட்டுல டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடிய ஒட்டிக்கிட்டு போனா ஒரு கீத்து ரோடு மட்டும் தான் தெரியும், ஓவர்டேக் பண்ற பைக்காரன் ஜன்னலுக்கு நேரா வந்த பெறகு தான் உங்களுக்கே தெரியும்.

வாங்குறது கான்வெக்ஸ் தானான்னு பாக்க கடைலயே ஒரு சோதன பண்ணலாம். ஸ்கூல் பிள்ளைங்க ஸ்கேல கண்ணாடி மேல விளிம்பு படுற மாதிரி நிக்க வைங்க. தட்டைன்னா முழு நீளமும் ஒட்டி உக்காரும். கான்வெக்ஸ்னா நடுவுல மட்டும் தொட்டுக்கிட்டு ஊஞ்சல் மாதிரி ஆடும், ரெண்டு முனைலயும் சந்து தெரியும். அதே ஸ்கேல நல்லா இருக்குற எடது மிரர் மேலயும் வச்சுப் பாருங்க, சந்து ஏறக்குறைய ஒரே அளவா இருக்கணும். இல்லன்னா ஒரே லாரி எடதுல ஒரு சைஸ்லயும் வலதுல ஒரு சைஸ்லயும் தெரியும், தூரத்த கணிக்க மண்ட கொழம்பிரும்.

உங்க மாடலுக்கு கண்ணாடி மட்டும் தனியா ஆன்லைன்ல கெடச்சா யோசிக்காம வாங்கிருங்க. இல்லன்னா பழைய பஸ்ஸோட பெரிய கான்வெக்ஸ் மிரர் ஒண்ணு பழைய சாமான் கடைல தேடி எடுத்து, அதுல இருந்து வெட்டணும், நான் அப்படித் தான் பண்ணேன். காலண்டர் அட்டைய பிளேட் மேல வச்சு வரஞ்சு, சுத்தி ஒன்னரை மில்லி கொறச்சு வெட்டி, அந்த அட்டைய கண்ணாடிக் கடைல குடுத்தேன். வெட்டுறத மட்டும் நம்ம கையால பண்ண வேண்டாம், வளஞ்ச கண்ணாடில கட்டர் வழுக்கும், கோடு போறது ஒரு பக்கம் ஒடையுறது ஒரு பக்கம்னு ஆயிரும். வெட்டினதும் ஓரத்த தண்ணி தொட்டு எமரி பேப்பர்ல தேச்சு விடுங்க.

ஒட்டுறதுக்கு சிலிக்கான் வாங்கும்போது நியூட்ரல்னு போட்ருக்கானு பாருங்க. சாதா சிலிக்கான் டியூப தொறந்தா வினிகர் வாசன அடிக்கும், அதுல வர்ற ஆசிட் கண்ணாடி பின்னாடி இருக்குற ரசத்த அரிச்சிரும், நாளாக நாளாக ஓரத்துல இருந்து கருப்பு படர ஆரம்பிக்கும். பிளேட்ட ஸ்பிரிட் போட்டு தொடச்சுட்டு, பொட்டு பொட்டா அஞ்சாறு எடத்துல சிலிக்கான வச்சு, நடுவுல ரெண்டு துண்டு ஃபோம் டேப் ஒட்டுங்க, காயுற வரைக்கும் டேப் தான் புடிச்சுக்கும். கண்ணாடி மேல பாக்க படுக்க வச்சு ஒரு நாள் முழுசா விட்ருங்க.

அடுத்து ஓடு. பசை வாங்குறதுக்கு முன்னாடி ஓட்டோட உள்பக்கத்த டார்ச் அடிச்சு பாருங்க, எங்கயாவது சின்னதா ஏபிஎஸ் இல்லன்னா பிபின்னு ஆங்கில எழுத்து அச்சுல இருக்கும், அது என்ன வகை பிளாஸ்டிக்னு சொல்றது. ஏபிஎஸ்னா நல்ல காலம், எல்லாம் ஒட்டும். பிபின்னா அரல்டைட், எம்சீல் எத போட்டாலும் கொஞ்ச நாள்ல அப்பளம் மாதிரி உரிஞ்சு கைல வரும், அத சூடு வச்சு உருக்கி தான் சேக்கணும், சால்டரிங் அயர்ன் வச்சு ஸ்டேப்ளர் பின்ன விரிசலுக்கு குறுக்க தையல் போடுற மாதிரி பதிக்கலாம். ஜன்னல தொறந்து வச்சுட்டு பண்ணுங்க, அந்தப் பொக நெஞ்சுக்கு ஆகாது.

என்னது ஏபிஎஸ். விரிசல் எங்க முடியுதோ அந்த நுனில 3 மில்லி டிரில்ல ஒரு ஓட்டை போட்டேன், அப்ப தான் விரிசல் அதுக்கு மேல ஓடாது. துண்டுகள சேத்து வச்சு வெளிப்பக்கம் டேப் ஒட்டி, உள்பக்கமா ஃபெவிக்விக்க ஓட விட்டு அது மேல ஆப்பசோடாவ தூவுனேன். தூவின ஒடனே கல்லு மாதிரி ஆயிரும், ஆனா சுரீர்னு ஒரு பொக வரும், மூஞ்சிய கிட்ட கொண்டு போகாதீங்க. அது மேல கொசுவல அடிக்கிற அலுமினியம் வல ஒரு துண்டு வச்சு அரல்டைட் பூசினா ஓடு முன்னைய விட பலமாயிரும். நான் ரோட்டுல விட்டுட்டு வந்த துண்டுக்கு பதிலா எம்சீல். ரெண்டு மாவையும் சமமா எடுத்து கோடு கோடா தெரியாம ஒரே நெறமா வர்ற வரைக்கும் பெசையணும், பாதி பெசஞ்சா அந்த எடம் காயவே காயாது. ஒட்டுற எடத்த 80 நம்பர் உப்புத்தாள் வச்சு சொரசொரப்பா ஆக்கிக்கங்க, காஞ்ச பெறகு 120, அப்புறம் 400, கடைசியா பிரைமர், மேட் பிளாக் ஸ்ப்ரே. ஓட்டோட அடில தண்ணி வடியுறதுக்கு சின்னதா ஓட்டை இருக்கும், ஆர்வத்துல அதையும் சேத்து அடைச்சுராதீங்க.

ஒரு விஷயம், சாரல் சீசன்ல இந்த வேலைய வெச்சுக்காதீங்க. ஜூன் ஜூலைல குத்தாலத்துக்கு வர்றவங்களுக்கு அது சுகமா இருக்கும், பெயிண்ட் அடிக்கிறவனுக்கு எமன். நான் அவசரப்பட்டு சாரல்ல வாசல்லயே அடிச்சேன், காஞ்சதும் கருப்பு மேல சாம்பல் பூத்த மாதிரி ஆயிருச்சு, தேச்சு எடுத்துட்டு வீட்டுக்குள்ள வச்சு மறுபடி அடிச்சேன்.

ஆர்ம் இரும்பு பைப்பா இருந்தா அதுக்குள்ள நொழையுற மாதிரியோ வெளிய மாட்டுற மாதிரியோ ஒரு நீளப் பைப்ப போட்டு கொஞ்சம் கொஞ்சமா வளைங்க, சுத்தியல் எடுக்காதீங்க, அடிச்சா நசுங்கும். அலுமினியம் வார்ப்பு ஆர்ம்னா வளைக்க நெனைக்கவே வேண்டாம், பட்டுனு முறியும், விரிசல் விட்ருந்தாலும் எம்சீல் பூசி மறைக்காம மாத்திருங்க, அது டோர்ல இருந்து பறந்து போய் இன்னொருத்தன் மண்டைல விழணுமா. போல்ட் துரு புடிச்சு வரலன்னா டபிள்யூடி-40 அடிச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. என் வண்டில 13 நம்பர் ஸ்பேனர், மாடலுக்கு மாடல் மாறும். திரும்ப மாட்டும்போது பழைய சைக்கிள் டியூப வட்டமா வெட்டி பேஸுக்கு அடில வாஷரா குடுங்க, நட்டு நைலாக் போடுங்க, உள்ள நைலான் வளையம் வச்சது, சீக்கிரம் லூஸ் ஆகாது. டீசல் வண்டி ஐட்லிங்ல நிக்கும்போது மிரர்ல பின்னாடி வண்டியோட நம்பர் பிளேட்ட படிக்க முடியுதான்னு பாருங்க, எழுத்து நடுங்கினா இன்னும் எங்கயோ லூஸ் இருக்கு.

மிரர செட் பண்ணும்போது தண்ணி டேங்க நெரப்பி, சாமான் எல்லாம் ஏத்தின பெறகு பண்ணுங்க. காலி வண்டில செட் பண்ணா லோடு ஏறினதும் பின்பக்கம் அமுங்கி, கண்ணாடில வானம் கொறஞ்சு ரோடு ஜாஸ்தியா தெரியும். வழக்கமா உக்கார்ற மாதிரி சாஞ்சு உக்காந்து, நம்ம வண்டியோட பாடி உள் ஓரத்துல ஒரு விரக்கட தெரிஞ்சா போதும், பின்னாடி ரோடு போய் முடியுற கோடு நடுவுல இருந்து கொஞ்சம் மேல வரணும். அப்புறம் ஒரு ஆள வண்டி பின்னாடி இருந்து பக்கவாட்டுல நடந்து முன்னாடி வரச் சொல்லுங்க, எந்த எடத்துல மறைஞ்சு போறாருன்னு பாத்து வச்சுக்கிட்டா அது தான் உங்க பிளைண்ட் ஸ்பாட்.

மொத தடவ மலை ஏறி எறங்கினதும் நட்ட ஒரு தடவ தொட்டுப் பாத்துருங்க. நான் கோட்டைவாசல் கருப்பசாமி கோயில் முன்னாடி நிறுத்திப் பாத்தேன், அர சுத்து எறங்கிருந்துச்சு, சைக்கிள் டியூப் அமுங்கி உக்கார்றதுக்கு அவ்வளவு வேணும் போல. இறுக்கிட்டு கெளம்புறேன், எதிர்ல இன்னொரு வைக்கோல் லாரி, இந்தத் தடவ நான் ஓரமா நின்னு மிரர மடக்கிட்டேன்.