நடைப்பயிற்சிக்கு வசதியாக வீடு தேடுகிறீர்களா? கிருஷ்ணகிரிக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பிறந்துவிட்டால் இடமாற்ற உத்தரவுகள் வரத் தொடங்கிவிடும். ஆட்சியர் அலுவலகம், வங்கி, கல்லூரி, ஓசூர்த் தொழிற்சாலைகள் என்று கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் வீடு தேடி அலைவார்கள். முன்பெல்லாம் தண்ணீர் வருமா, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டவர்கள் இப்போது, "காலையில் நடக்க இடம் இருக்கிறதா?" என்றும் கேட்கிறார்கள். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் கேட்க வைக்கின்றன. நல்ல கேள்விதான். அதற்குக் கிடைக்கும் பதிலைச் சரிபார்ப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

வங்கி வேலையில் ஊர் ஊராக மாற்றலாகி, தருமபுரியில் இருந்துவிட்டுக் கிருஷ்ணகிரியில் நிலைத்தவள் நான். நானும் ஒரு காலத்தில் இதே குழிகளில் விழுந்தவள் என்பதால், புதிதாக வருகிறவர்கள் விழும்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடிவதில்லை. வாடகை, தண்ணீர், மின்கட்டணம் பற்றியெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ரோட்டைத் தாண்டினால் ஏரி" என்ற பேச்சை நம்புவது

இந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையம் கிடையாது, எல்லாம் சாலைதான். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், சென்னையிலிருந்து பெங்களூரு வழியாக டெல்லி போகும் 48ஆம் எண் சாலையும் இங்கே சேர்கின்றன. திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போகும் 77ஆம் எண் சாலையும், குப்பம் பக்கம் போகும் 42ஆம் எண் சாலையும் இங்கிருந்து பிரிகின்றன. ஊர் வளர வளர இவற்றின் இரண்டு பக்கமும் வீடுகள் வந்துவிட்டன. எனவே உங்கள் வீட்டுக்கும் நீங்கள் நடக்க நினைக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு நெடுஞ்சாலை கிடப்பதற்கு இங்கே நிறைய வாய்ப்பு உண்டு.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், டெல்டா பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தார். மாமனாருக்குச் சர்க்கரை; தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தரகர் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, வீட்டுக்கும் ஏரிக்கும் இடையே விரலை வைத்துக் காட்டினார். 400 மீட்டர். வீட்டுக்காரரும், "ஏரி இதோ இருக்கிறது அம்மா, ரோட்டைத் தாண்டினால் வந்துவிட்டது" என்றார். மாடியில் நின்று பார்த்தால் தண்ணீர் தெரிந்தது. அன்றைக்கே முன்பணம் கைமாறிவிட்டது.

குடிவந்த பிறகுதான் அந்த "ரோடு" என்ன என்று புரிந்தது. நான்கு வழிச்சாலை. நடுவில் இரும்புத் தடுப்பு, அதை ஒட்டி ஆள் உயரத்துக்கு அரளிச் செடிகள். முறையாகக் கடக்க வேண்டுமானால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உள்ள கீழ்ப்பாலத்துக்குப் போக வேண்டும். அதுவரை சர்வீஸ் சாலையில்தான் நடக்க வேண்டும். அங்கே நடைபாதை இல்லை. எதிர்த்திசையில் விளக்கைக்கூடப் போடாமல் வரும் இருசக்கர வாகனங்கள் வேறு. மழை பெய்தால் கீழ்ப்பாலத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஏரிக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே நடைப்பயிற்சி முடிந்துவிடும்.

பெரியவர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, தடுப்பில் யாரோ கம்பியை வளைத்து வைத்திருந்த இடைவெளியில் புகுந்து போக ஆரம்பித்தார். "எல்லோரும் அப்படித்தான் தாண்டுகிறார்கள்" என்பது அவர் வாதம். எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த வாக்கியம்தான். படித்தவர்கள், வேறு எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள், இதற்கு மட்டும் கணக்குப் போட மாட்டேன் என்கிறார்கள்.

நான் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பக்கச் சாலையின் அகலம் 7 மீட்டர். வயதானவர் ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடந்தால் அதைக் கடக்க ஏறக்குறைய 6 நொடி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் வந்துவிடும். அப்படியானால் அவர் காலை எடுத்து வைக்கும்போது லாரி குறைந்தது 130 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். விடியாத இருட்டில் முகப்பு விளக்கை மட்டும் பார்த்து அந்தத் தூரத்தை யாரால் கணிக்க முடியும்? இது பாதிச் சாலைக்குத்தான். நடுவில் அரளிக்குப் பின்னால் நிற்கும் மனிதர் மறுபக்கத்து ஓட்டுநரின் கண்ணில் படவே மாட்டார். இரவெல்லாம் ஓட்டி வந்து, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் இந்த ஊரைக் கடக்கும் ஓட்டுநர்கள் அவர்கள். மாம்பழ சீசனில் கூழ் ஆலைகளுக்குப் போகும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு நாள் லாரி ஒன்று அலறிக்கொண்டு நின்றது. பெரியவருக்கு அடி ஒன்றும் படவில்லை. அதன் பிறகு அவரை வெளியே விடவில்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். 11 மாத ஒப்பந்தம் முடியும் முன்பே காலி செய்ததால் ஒரு மாத வாடகை போயிற்று. வெள்ளையடிக்க என்று இன்னொரு தொகையையும் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளையின் பள்ளிப் பேருந்து அந்தப் பக்கம்தான் என்பதால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. இத்தனையும் ஒரு விடியற்காலை நேரில் நடந்து பார்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது, தினமும் நடக்கப்போகிறவரையே கூட்டிக்கொண்டு போங்கள். காலை ஐந்தரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்று, நடக்கும் இடம் வரை காலால் போய்த் திரும்பி வாருங்கள். தரகர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தருமபுரியில் இதே கேள்வியை ரயில் பாதைக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும்: கேட் எங்கே, மேம்பாலம் எங்கே, அதில் நடப்பவருக்கு இடம் விட்டிருக்கிறார்களா?

மே மாதத்தில் பார்த்து முடிவு செய்வது

மே கடைசியில் இங்கே ஐந்தே முக்கால், ஐந்து ஐம்பதுக்கெல்லாம் சூரியன் உதித்துவிடும். ஜனவரியில் ஆறே முக்கால் ஆகும். சமையலை முடித்துவிட்டு எட்டு மணிக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு இந்த ஒரு மணி நேரம் சாதாரணமானதில்லை. மே மாதம் வெளிச்சத்தில் நடந்த தெரு, ஜனவரியில் அதே நேரத்துக்குக் கும்மிருட்டு. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். தெருவிளக்குக் கம்பங்களை எண்ணுவதால் பயனில்லை, இரவில் போய் எத்தனை எரிகின்றன என்று பாருங்கள். அந்த நேரத்தில் திறந்திருக்கும் டீக்கடை ஒன்று வழியில் இருந்தால் எனக்கு அது பத்து விளக்குக்குச் சமம்.

கோடையில் ஏரிக்கரையும் நல்ல பிள்ளையாக இருக்கும். காய்ந்த மண், நல்ல காற்று. அக்டோபரில் அதே கரை சேறும் சகதியுமாகி, இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் முள்ளை நீட்டிக்கொண்டு நிற்கும். புல்லுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாது. கல் பதித்த பாதையா, வெறும் மண்கரையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கரைக்குக் கீழே குடிபோவது

ஏரியை ஒட்டி இருக்க வேண்டும் என்ற ஆசையில், ஏரி நிரம்பி உபரி நீர் வழியும், அதாவது கோடி போகும், பக்கத்திலேயே வீடு பிடிக்கிறவர்கள் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம், சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை இழுத்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. கோடித் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று அந்தத் தெருவில் நெடுநாள் இருக்கும் ஒருவரைக் கேளுங்கள். விரலை நீட்டிக் காட்டுவார்.

வரைபடத்தில் இருக்கும் பூங்கா

பெரிய மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கும்போது, சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சி அமைப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் அதைப் பச்சை வண்ணம் அடித்துக் காட்டுவார்கள். நிலம் ஒதுக்கப்படுவது ஒன்று, அதில் நடைமேடை போட்டு விளக்கு வைப்பது வேறொன்று. இரண்டாவது வேலைக்கு உள்ளாட்சியின் கையில் பணம் வேண்டும். அதுவரை பார்த்தீனியமும் கட்டட இடிபாடுமாகவே கிடக்கும். "அடுத்த வருடம் பூங்கா வருகிறது" என்பதற்காக இந்த வருடம் ஒரு ரூபாய்கூட அதிக வாடகை கொடுக்காதீர்கள்.

அணையும் மலையும்

கிருஷ்ணகிரி அணை ஊரிலிருந்து 7 கிலோமீட்டர். அவதானப்பட்டி படகு இல்லம் தருமபுரி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. சையத் பாஷா மலைக்கோட்டையில் ஏறுவது முழங்கால் வேலை. மூன்றும் விருந்தாளி வந்தால் கூட்டிப்போகிற இடங்கள். செவ்வாய்க்கிழமை காலைக்கு உதவாது.

8 கிலோமீட்டர் என்று பயப்படுவது

தமிழக அரசு 2023 நவம்பர் 4 அன்று "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தைத் தொடங்கி, மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது. அந்தப் பாதைக்குப் பக்கத்தில்தான் வீடு பிடிப்பேன் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றார். வயது வந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. ஐந்து நாள், அரை மணி நேரம். போக்குவரத்து குறைந்த நான்கு தெருக்களைச் சுற்றி வந்தாலே கணக்கு முடிந்துவிடும்.

வண்டியில் போய் நடப்பது

முதல் மாதத்தோடு நின்றுவிடும்.

கல்லூரி மைதானத்தை நம்புவது

தேர்வு, விளையாட்டு விழா, வாக்கு எண்ணிக்கை. ஏதோ ஒன்றுக்குக் கதவு சாத்தியிருக்கும்.

நாய்கள்

பகலில் தெரியாது. விடியற்காலையில் கையை வீசிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

தரகரை மட்டும் கேட்பது

அவர் விற்க வந்தவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பால் போடுகிறவரையும், தெரு கூட்டும் தூய்மைப் பணியாளரையும் கேளுங்கள். "இந்தப் பக்கம் காலையில் பெண்கள் தனியாக நடக்கிறார்களா?" என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வந்துவிடும். இல்லை என்றால், ஏன் என்றும் சொல்வார்கள்: மதுக்கடை, கசாப்புக் கடைக் கழிவு, விளக்கில்லாத திருப்பம் என்று காரணம் தெளிவாக இருக்கும். இதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். முடிந்தால், இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்துக் காலி செய்தால் பிடித்தம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். சில வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.