இரவு மலையேற்றத்துக்கு எடை குறைந்த சார்ஜ் ஹெட் டார்ச்: பார்த்து வாங்கும் முறை

டெல்டாவில் டார்ச் லைட் இல்லாத வீட்டைப் பார்ப்பது கஷ்டம். ராத்திரியில் மடை மாற்றப் போகிறவர், மோட்டார் கொட்டகைக்குப் போகிறவர், வயலில் எலி பிடிக்கிறவர் என்று பலரிடம் தலையில் மாட்டும் பெரிய ஹெட்லைட் ஒன்று இருக்கும். தூரத்துப் போர்செட் வரைக்கும் பளிச்சென்று அடிக்கும். வெள்ளியங்கிரிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பும்போது அதையே பையில் போட்டுக்கொள்வதுதான் முதல் தடவை போகிறவர்கள் செய்யும் தப்பு. அது அரை மணி நேரம் தலையில் இருந்து கழற்றி வைக்கிற லைட். முதுகில் பத்துக் கிலோ பையோடு ஏழு மணி நேரம் ஏறுகிறவருக்கு வேண்டியது வேறு. கடையில் ஹெட் டார்ச், ஹெட்லைட், நெற்றி லைட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எடுத்துப் போடுவார்கள். எதைப் பார்த்து வாங்குவது என்பதைத்தான் கீழே சொல்கிறோம்.

முதல் படி: எத்தனை மணி நேர இருட்டு?

வெளிச்சத்தை அளக்கும் கணக்கு லூமென். அட்டையில் 1,000, 5,000 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். டென்டுக்குள் சாமான் தேட 5 முதல் 15 லூமென் போதும். சீரான பாதையில் நடக்க 30 முதல் 50. கல்லும் வேருமாக இருக்கும் ஏற்றத்தில் 60 முதல் 100. பாதை தவறிவிட்டது, எதிர்ச்சரிவில் வழி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றால் 200-க்கு மேல், அதுவும் ஓரிரு நிமிஷத்துக்கு மட்டும்.

இப்போது உங்கள் பயணத்தை எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரியில் வனத்துறை விடும் பிப்ரவரி – மே பருவத்தில் இரவு பத்து மணிக்கு அடிவாரத்தில் கிளம்பினால், விடியும் வரை ஏழெட்டு மணி நேரம் லைட் எரிந்தாக வேண்டும். ஏழு மணி நேரம், சராசரி 60 லூமென் என்று வையுங்கள். பெருக்கினால் 420 லூமென் மணி நேரம். இந்த எண்ணை மறக்காதீர்கள், அடுத்த படியில் இதுதான் தராசு.

இரண்டாம் படி: பேட்டரியை வைத்து அட்டையின் பொய்யைப் பிடிப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பேட்டரி மேல் மில்லி ஆம்பியர் ஹவர் என்று ஓர் எண் இருக்கும். லித்தியம் அயான் பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். அந்த எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட் ஹவர் வரும். ஒரு வாட் ஹவருக்குச் சுமார் 100 லூமென் மணி நேரம் கிடைக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எல்ஈடி வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் இன்னும் சிக்கனமாக எரியும். ஆகவே இது கொஞ்சம் கஞ்சத்தனமான கணக்கு, அப்படி இருப்பதே நல்லது.

650 மில்லி ஆம்பியர் பேட்டரி என்றால் 2.4 வாட் ஹவர், அதாவது 240 லூமென் மணி நேரம். மேலே போட்ட 420-க்குப் போதாது. அந்த லைட்டோடு ஏறுகிறவர் 30 லூமெனில் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் நடுவழியில் பவர் பேங்க்கில் போட வேண்டும். 1,200 என்றால் 4.4 வாட் ஹவர், 440. சரியாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். 18650 என்கிற பெரிய உருளை செல்லில் 3,500 என்றால் 1,300 வரும். இரண்டு ராத்திரிக்குக் கவலை இல்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பொய் பிடிபடும். '1,200 மில்லி ஆம்பியர், 1,000 லூமென், 20 மணி நேரம்' என்று ஓர் அட்டை சொல்கிறதா? 1,000-ஐ 20-ஆல் பெருக்கினால் 20,000. பேட்டரியில் இருப்பது 440. வெளிச்சம் ஒரு நிலைக்கும் மணி நேரம் வேறு நிலைக்கும் எழுதியது என்று அர்த்தம். அல்லது இரண்டுமே வெறும் எழுத்து.

எஃப்எல்1 என்ற தர அடையாளம் போட்ட அட்டையையும் கவனமாகத்தான் படிக்க வேண்டும். அந்த முறையில் லூமெனை அளப்பது லைட் போட்ட 30 நொடி முதல் 2 நிமிஷத்துக்குள். எரியும் நேரத்தைக் கணக்கிடுவதோ, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. 400 லூமென், 3 மணி நேரம் என்றால் மூன்று மணி நேரமும் 400 இருக்கும் என்று பொருள் இல்லை. சூடேறியதும் லைட் தானாகவே இறங்கிவிடும், மூன்றாவது மணியின் முடிவில் 40-க்கு வந்திருக்கும். தூரக் கணக்கும் இப்படித்தான். வெளிச்சம் பௌர்ணமி நிலா அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸுக்கு இறங்கும் இடத்தை எல்லையாக வைக்கிறார்கள். நூறு மீட்டர் என்று போட்டிருந்தால் கல்லும் பள்ளமும் தெளிவாகத் தெரிவது ஐம்பதுக்குள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: உள்ளேயே இருக்கும் பேட்டரியா, கழற்றும் பேட்டரியா

உள்ளேயே பொதிந்த பேட்டரி எடை மிகக் குறைவு. நைட்கோர் என்யூ25 யூஎல் பட்டையோடு சேர்த்து 45 கிராம், பெட்ஸல் பிண்டி 35 கிராம். ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரி சோர்ந்தால் லைட்டையே மாற்ற வேண்டியதுதான். சில லைட்டுகளில் சார்ஜ் பேட்டரியை எடுத்துவிட்டு மூன்று சின்ன ட்ரிபிள் ஏ பேட்டரி போடலாம். பெட்ஸல் ஆக்டிக் கோர் அந்த ரகம். மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பேட்டரி என்பதால், முதல் லைட் வாங்குகிறவருக்கு இந்த ரகத்தைத்தான் நாங்கள் சொல்வோம்.

18650 போடும் ஹெட் டார்ச் செல்லோடு நூறு கிராமைத் தாண்டிவிடும். அதற்கு உதிரி செல் வாங்கினால் இரண்டு சோதனை. ஒன்று, எடை. உண்மையான செல் 45 கிராம் அளவில் இருக்கும். சமையலறைத் தராசில் 30 கிராமுக்குக் கீழே காட்டினால் உள்ளே பாதி காலி. இன்னொன்று, எண். அந்த உருவத்தில் நல்ல கம்பெனி செல்லே 3,500-ஐ ஒட்டித்தான் கொடுக்கும். 9,900 என்று அச்சடித்திருந்தால் கையில் எடுக்காமலே வந்துவிடலாம். பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த செல் 65 மில்லி மீட்டருக்குப் பதில் 69 வரை நீளும், சில லைட்டில் மூடி திருகாது. வாங்குமுன் போட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: எடையை நீங்களே போடுங்கள்

அட்டையில் எழுதிய எடை பல சமயம் பட்டை இல்லாமல், சில சமயம் பேட்டரியும் இல்லாமல். பட்டை, பேட்டரி, சார்ஜ் ஒயர் மூன்றையும் சேர்த்து நிறுங்கள். நூறு கிராமுக்குள் இருந்தால் நெற்றியில் இருப்பதே தெரியாது. 120-க்கு மேல் போனால் ஒவ்வொரு படி இறங்கும்போதும் லைட் தலையாட்டும். இறுக்கிக் கட்டினால் தலைவலி. அந்த எடைக்கு உச்சந்தலைப் பட்டையும் வேண்டும். மெல்லிய கயிறு போன்ற பட்டை எடையை மிச்சம் பிடிக்கும், ஆனால் வெறும் நெற்றியில் வெட்டும். துண்டோ குல்லாவோ கட்டி அதன்மேல் போட்டால் பிரச்சினை இல்லை.

செல்போன் லைட் போதாதா? போதாது. ஒரு கையில் மூங்கில் தடி, மறு கை பாறையில். போனைப் பிடிக்க மூன்றாவது கை ஏது?

ஐந்தாம் படி: வெளிச்சத்தின் நிறமும் பரப்பும்

கடையில் வெள்ளைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் கண்ணைப் பறிக்கும் ஒரு புள்ளி, சுற்றிலும் இருட்டு என்றால் அது தூரம் பார்க்கும் லைட். நடப்பதற்குக் காலடி முதல் பத்து மீட்டர் வரை சீராகப் பரவ வேண்டும்.

நீலம் ஓடிய வெள்ளையைவிடக் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை நல்லது. நீல வெள்ளையில் சருகும் மண்ணும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும், சருகு நடுவில் கிடக்கும் கண்ணாடி விரியனும் அதோடு கலந்துவிடும். மஞ்சள் வெளிச்சத்தில் அதன் உடம்பில் உள்ள வட்டங்கள் பிரிந்து தெரியும்.

சிவப்பு விளக்கு இருந்தால் விடாதீர்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், வெள்ளை லைட்டை ஒரு தடவை போட்டால் அது போச்சு. மங்கலான சிவப்பில் அந்தப் பழக்கம் பெரிதாகக் கெடாது, பக்கத்தில் தூங்குகிறவரும் திட்டமாட்டார். டெல்டாக்காரருக்கு இன்னொரு காரணமும் உண்டு. சம்பா பருவத்தில் பச்சைத் தத்துப்பூச்சி விளக்கை மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெற்றியில் வெள்ளை லைட் எரிந்தால் அத்தனையும் கண்ணிலும் மூக்கிலும் வந்து விழும். சிவப்புக்கு மிகக் குறைவாகத்தான் வரும்.

வேளாங்கண்ணி, சமயபுரம் என்று சாலையில் ராத்திரி நடக்கிறவர்கள் பட்டையின் பின்பக்கம் சிவப்பு விளக்கு உள்ளதைப் பாருங்கள். அங்கே நீங்கள் பார்ப்பதைவிட லாரிக்காரர் உங்களைப் பார்ப்பதுதான் முக்கியம்.

ஆறாம் படி: தண்ணீர், உப்பு, வியர்வை

ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கம் இருந்து தெறித்தாலும் தாங்கும். ஐப்பசி மழையில் நடக்க அது போதும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகிறவர், வாய்க்கால் இறங்கிக் கடக்கிறவர் இதைத் தேடுங்கள்.

ஆனால் நம் பக்கம் லைட்டைக் கொல்வது மழையைவிட வியர்வையும் உப்புக் காற்றும்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சார்ஜ் துளைக்குள் ஈரம் இருக்கும்போது ஒயரைச் சொருகினால் மின்சாரமும் உப்பும் சேர்ந்து பித்தளையைப் பச்சையாக அரித்துவிடும். பயணம் முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்து, நிழலில் ஒரு ராத்திரி காயவிட்டு, அப்புறம் சார்ஜ் போடுங்கள். பட்டையைக் கழற்றிச் சோப்பில் அலசுங்கள்.

ஏழாம் படி: சார்ஜ் துளையும் பட்டனும்

டைப்-சி துளை வாங்குங்கள், போன் ஒயரே போதும். ஒரு சூது மட்டும் உண்டு. மலிவான சில லைட்டுகளில் டைப்-சி துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டிருப்பார்கள். இரண்டு முனையும் டைப்-சி ஆன ஒயரில் அது சார்ஜே ஏறாது, ஒரு முனை பழைய தட்டை யூஎஸ்பி ஆன ஒயரில்தான் ஏறும். லைட் பழுது என்று திருப்பி அனுப்பும் முன் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

லாக் வசதி கட்டாயம். பைக்குள் அரிசிப் பொட்டலம் பட்டனை அழுத்தி, அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் பேட்டரி காலியாவது அடிக்கடி நடப்பதுதான். லாக் இல்லாத லைட் என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியாக எடுத்துப் போங்கள். உள்ளேயே பொதிந்த பேட்டரி என்றால் அதுவும் முடியாது. முதல் அழுத்தத்திலேயே முழு வெளிச்சம் வரும் லைட்டும் வேண்டாம்.

எட்டாம் படி: மலைக்கு முன் வரப்பில்

வாங்கிய அன்றே முழு சார்ஜ் ஏற்றி, நடுத்தர வெளிச்சத்தில் போட்டு, மணி பார்த்து வையுங்கள். அட்டையில் சொன்ன நேரத்தில் பாதிகூட வரவில்லை என்றால் மாற்றிக் கொடுக்கும் நாள் கடப்பதற்குள் தெரிந்துவிடும்.

அடுத்து, அமாவாசையை ஒட்டிய ஒரு ராத்திரி வரப்பில் நடந்து பாருங்கள். நெற்றியில் லைட் இருந்தால் நண்டு வளையும் பள்ளமும் தட்டையாகத் தெரியும். கண்ணும் விளக்கும் ஒரே மட்டத்தில் இருப்பதால் நிழல் உங்களுக்குத் தெரியாமல் பொருளின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. லைட்டைக் கழற்றி இடுப்பில் கட்டுங்கள், அல்லது கையில் தாழ்த்திப் பிடியுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் விழும். மார்கழிப் பனி மூட்டத்திலும் மலையில் மேகம் இறங்கும்போதும் இதே வைத்தியம்தான்: நெற்றி வெளிச்சம் பனித்துளியில் பட்டு நேரே கண்ணுக்குத் திரும்பி வெள்ளைச் சுவர் போல நிற்கும், கூட்டினால் இன்னும் மோசம். இடுப்புக்கு இறக்கி, வெளிச்சத்தைக் குறையுங்கள்.

நெற்றியில் இருப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. வரப்புப் புல்லில் பனித்துளி மாதிரிப் பச்சையாக மினுங்குவதில் பாதி சிலந்திகளின் கண். கொள்ளிடக் கரையில் நீர்மட்டத்தில் செம்மஞ்சளாக இரண்டு புள்ளி தெரிந்தால் கிட்டே போய்ச் சோதிக்க வேண்டாம், அந்த ஆற்றில் முதலை உண்டு.

கூட நடப்பவரிடம் பேசும்போது லைட்டைக் கீழே சாய்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த பிறகு

லித்தியம் பேட்டரியை முழு சார்ஜிலும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது. பாதி சார்ஜில், லாக் போட்டு, அரிசி டப்பா பக்கத்தில் எங்காவது நிழலான இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டிக்குள் மட்டும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள். கடைசியாக ஏற்றிய தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பட்டையில் ஒட்டிவிட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.