பிரான்சைஸை விட்டபின் அதே ஊரில் கடை போடுவது எப்படி

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பிரான்சைஸ் (ஒரு கம்பனியின் பெயரிலும் முறையிலும் கடை நடத்தும் உரிமை) எடுத்து ரெஸ்டோரண்ட் நடத்தியவர்கள் அதை விட்டதும் சொந்தப் பெயரில் கடை திறக்கத்தான் பார்ப்பார்கள். குறுக்கே நிற்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் போட்டித் தடை நிபந்தனை, அதாவது விலகிய பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட தூரத்துக்குள் அதே மாதிரிக் கடை நடத்தக் கூடாது என்ற நிபந்தனை. "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று யூடியூப்பில் கேட்டதை நம்பி இறங்க வேண்டாம். அது பெரும்பாலும் இந்திய நிலைமை. அங்கே 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில், ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லும் 27ஆம் பிரிவு இருக்கிறது. இலங்கையில் அப்படியொரு பிரிவும் இல்லை, பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. கம்பனியின் நியாயமான நலனைக் காக்கத் தேவையான அளவில்தான் தடை இருக்கிறதா என்றே இங்கு நீதிமன்றம் பார்க்கும். ஓராண்டு, ஒரே ஊர் என்றால் நிற்க வாய்ப்பு அதிகம். ஐந்தாண்டு, நாடு முழுவதும், எந்தச் சாப்பாட்டுக் கடையும் கூடாது என்றால் எதிர்த்து வாதாட நிறைய இடமுண்டு.

ஒப்பந்தம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால், முதலில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துத் தமிழில் எடுங்கள். எந்த வகை வியாபாரம் தடை, எவ்வளவு தூரம், எவ்வளவு காலம், காலம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று கோடிட்டு வாசியுங்கள். "நேரடியாகவோ மறைமுகமாகவோ" என்ற சொற்கள் இருந்தால், மனைவி பெயரிலோ மச்சான் பெயரிலோ கடை திறப்பதும் அதற்குள் வந்துவிடும்.

மலையகத்தில் அதிகம் சிக்கல் தருவது தூரம்தான். "5 கிலோமீட்டர் சுற்றளவு" என்பதைப் பொதுவாக நேர்கோட்டில்தான் அளப்பார்கள். நுவரெலியாவிலிருந்து நானுஓயாவுக்கு இறங்கும் வளைவுப் பாதையை பஸ்ஸில் போய்க் கணக்கிட்டால் தூரம் கூடுதலாகத் தெரியும், நேர்கோட்டில் அது குறையும். கூகுள் மேப்ஸில் பழைய கடையில் விரலை அழுத்திப் பிடித்து, தூரம் அளக்கும் வசதியால் புதிய இடம் வரை அளந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எல்லையை ஒட்டி வந்தால், அந்த இடம் தடைக்கு வெளியே என்று கம்பனியிடமிருந்து கடிதம் வாங்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

வெளியேறும்போது சுத்தமாக வெளியேற வேண்டும். பெயர்ப்பலகை, மெனு, சீருடை, செய்முறைக் கையேடு, பேஸ்புக் பக்கம், டெலிவரி ஆப் கணக்கு, விளம்பரத்தில் போட்ட தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒப்படைத்து, இரண்டு பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். கடையின் வியாபாரப் பெயரில் பிராண்ட் பெயர் இருந்தால் அந்தப் பதிவையும் மாற்ற வேண்டும். மீந்த சாப்பாட்டுப் பெட்டிகளை "முடியும் வரை பாவிப்போம்" என்று வைப்பதுதான் பலரையும் மாட்டிவிடுகிறது. மூடியில் லோகோ உள்ள ஒரு பெட்டியின் போட்டோவே போட்டித் தடைக்கு மேல் வர்த்தகக் குறி வழக்கையும் கொண்டுவரும்.

சமையல் விஷயத்தில் தேவையில்லாமல் பயப்படாதீர்கள். கொத்து ரொட்டி போடத் தெரிவது உங்கள் கைத்திறன், அது எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்லை. ஆனால் கையேட்டில் உள்ள மசாலாக் கலவையின் அளவுகள் வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு வெளிப்படுத்தாத தகவலை (வியாபார இரகசியத்தை) பாதுகாக்கிறது. தடைக்காலம் முடிந்த பிறகும் அந்த அளவுகளைப் பாவிக்காதீர்கள்.

பேரம் பேச நல்ல நேரம், முடிவுக் கணக்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன்புதான். ரோயல்டி (பிராண்டைப் பாவிப்பதற்குக் கம்பனிக்குக் கட்டும் தொகை) பாக்கியைக் கட்டும் அதே கடிதத்தில் தடையை ஆறு மாதமாகக் குறைக்கவோ நகர எல்லைக்குள் சுருக்கவோ கேளுங்கள். சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள்.

தடையை மீறியதாகக் கம்பனியிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வந்தால் கொடுத்த தவணைக்குள் சட்டத்தரணி மூலம் பதில் போட வேண்டும். கம்பனி உண்மையில் தேடுவது நட்டஈட்டை விட இடைக்காலத் தடையுத்தரவை. அது கிடைத்தால் வழக்கு முடியும் வரை கடை பூட்டு, வாடகை மட்டும் ஓடும். அதனால் புதிய குத்தகையில், நீதிமன்றத் தடை வந்தால் ஒரு மாத அறிவித்தலில் விலகி மீதி முற்பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற நிபந்தனையை நொத்தாரிசிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.