சிவப்பு ஒயினும் பினாங்கு வெயிலும்: முதன்முறை பரிமாறுபவருக்கு

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பார்கள். அது குளிர்நாட்டுக் கல்வீட்டு அறை. 18 பாகையைத் தாண்டாது. ஜார்ஜ் டவுனில் என் வீட்டுக் கூடமோ பிற்பகலில் 30 பாகையைத் தொடுகிறது. சிறு குடும்பத் தோட்டத்தில் இயற்கை வேளாண்மையில் விளைந்த ஒயின் என்றால் இன்னும் கவனம் தேவை.

முதலில் புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். பச்சைப் பின்னணியில் வெள்ளை நட்சத்திரங்கள் இலை வடிவில் இருந்தால், அது ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண் முத்திரை. 2012க்கு முன் அங்கே விதிகள் திராட்சையோடு நின்றுவிட்டன. இப்போது ஒயின் தயாரிப்புக்கும் உண்டு: இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் சல்ஃபைட் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, சாதாரண ஒயினுக்கு வரம்பு 150. ஒயினைக் கெடாமல் காப்பதே சல்ஃபைட்தான். அது குறையக் குறைய, சூட்டைத் தாங்கும் வலுவும் குறையும்.

ஆகவே வாங்கியதும் நேரே வீட்டுக்குப் போங்கள். நான் புட்டியைக் காரில் விட்டுவிட்டு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். திரும்பி வந்தால் தக்கை மேலெழும்பி, புட்டியின் கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. உள்ளே இருந்தது வேகவைத்த பழச்சாறு.

சிறு தோட்டத்தார் பலர் ஒயினை வடிகட்டுவதில்லை. அதனால் முந்தின நாளே புட்டியை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் தங்கும். பரிமாறுவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் இருக்கட்டும். விருந்தாளி வாசலுக்கு வந்துவிட்டாரா? ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். 16 பாகை சரியான இலக்கு. கிண்ணத்தில் ஊற்றியதும் தானே ஏறிவிடும்.

தக்கையைத் திருகி எடுத்து, மெதுவாக, கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். காடி நெடி தூக்கலாக அடித்தால் கெட்டது. நனைந்த அட்டை வாடை வந்தால் கோளாறு தக்கையில்.

உடன் ஆட்டிறைச்சிப் பிரட்டல் வைக்கலாம். மிளகாயை மட்டும் பாதியாகக் குறையுங்கள். காரம் ஏறினால் ஒயினின் துவர்ப்பும் எரிவும் கூடவே ஏறும். என் மாமியார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒயினைத்தான் மாற்றச் சொன்னார்.

மிஞ்சியதைத் தக்கையால் மூடிக் குளிர்பதனப் பெட்டியிலேயே வையுங்கள். இரண்டு நாள் தாங்கும்.