பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஒழுகலைக் கண்டுபிடிப்பது, அப்புறம் ஸ்டீரியோ மாட்டுவது

செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியதும் முதலில் மனசு போவது ஸ்டீரியோ மேல்தான். நானும் வண்டியை வடசென்னைத் தண்டையார்பேட்டைக்குக் கொண்டுவந்த அதே வாரம் ஸ்பீக்கர், ஆம்ப் (சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) எல்லாம் மாட்டிவிட்டேன். ஒரே மாதத்தில் ஆம்ப் செத்துப்போனது. சீட்டைக் கழற்றிப் பார்த்தால் கார்ப்பெட்டுக்குக் கீழே வழவழவென்று பச்சைத் தண்ணீர். டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயிலில் இருந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சொட்டிச் சொட்டி, சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்ப் வரைக்கும் வந்திருக்கிறது. அதனால் முதலில் ஒழுகல், அப்புறம்தான் பாட்டு.

இரவு வண்டியை நிறுத்தியதும் எஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரியுங்கள், ஃப்ரிட்ஜ் வந்த பெட்டி இருந்தால் அதுவே போதும். முன்பக்கம் எது, சக்கரங்கள் எங்கே என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் பழுப்பாகவோ கறுப்பாகவோ பிசுக்கு இருந்தால் எஞ்சின் ஆயில். பச்சை, ரோஸ், ஆரஞ்சு நிறத்தில் இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். சிவப்பு என்றால் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங். ஏசி போட்டு ஓட்டிய பிறகு இடது பக்கம் வெறும் தண்ணீர் சொட்டியிருந்தால் பயமில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளிர் மஞ்சளாக வழுக்கினால் அது பிரேக் ஆயில், அதைச் சரிசெய்யும் வரை வண்டியைத் தெருமுனைக்குக்கூட எடுக்காதீர்கள். கூலன்ட் விஷம், ஆனால் இனிக்கும், தெரு நாய்கள் நக்கிவிடும். தரையில் பார்த்தால் உடனே கழுவிவிடுங்கள்.

கூலன்ட்தான் என்று தெரிந்தால், எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் பாயும். மூடியின் ரப்பர் விறைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், விலை குறைவு, அது செய்யும் வேலை பெரிது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் அது 120-ஐத் தாண்டியும் கொதிக்காமல் தாங்குகிறது. அடுத்து ஹோஸ் பைப்புகளை அமுக்கிப் பாருங்கள், வெடிப்போ கிளிப் ஓரத்தில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையோ தெரிந்தால் ஒழுகும் இடம் அதுதான்.

நம் பக்கத்தில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பல வருஷக் கதை, நம் தெருக்களிலும் பல இடத்தில் போர் தண்ணீர் உப்புதான். அது உள்ளே பாறை மாதிரி படியும், அலுமினியத்தை அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். கூலன்ட் வாங்கும்போது நிறத்தை நம்பாமல் வண்டியின் புத்தகத்தில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள்.

ஒழுகல் இல்லாமலே சூடாகிறதா? எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் சந்தேகம் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ் மேல். வேகமாக ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது தெர்மோஸ்டாட், அதாவது சூட்டுக்கு ஏற்பக் கூலன்டைத் திறந்துவிடும் வால்வ். கூலன்ட் மாற்றிய பிறகு ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடியே ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபேன் இரண்டு முறை ஓடும் வரை காற்றுக் குமிழிகளை வெளியே விடுங்கள், அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள், முகத்தை மட்டும் தள்ளியே வைத்திருங்கள்.

ஆயிலுக்கு வருவோம். சோழவரத்துப் பழைய விமான ரன்வேயில் கார் ரேஸ் பார்த்து வளர்ந்த ஒரு வியாசர்பாடி மெக்கானிக் அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம், வாரம் ஒரு தடவை காலையில் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்ப்பது. பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே சுமார் 1 லிட்டர். தரையில் சொட்டே இல்லாமல் குறைகிறதென்றால் எஞ்சின் எரிக்கிறது, சைலன்சரில் நீலப் புகை வரும். ராத்திரி நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் வந்தால் வால்வ் சீல், மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். ஆயில் டீ நிறத்தில் பால் கலந்த மாதிரி இருந்து, கூலன்டும் குறைந்து, வெள்ளைப் புகையும் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) போயிருக்கலாம். அப்படியே ஓட்டாதீர்கள், மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போங்கள்.

இனி ஸ்டீரியோ. கார்ப்பெட்டைத் தூக்கிக் கையால் தடவி, காய்ந்திருந்தால் மட்டும் ஆரம்பியுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பழைய கார்களில் பெரும்பாலும் சிங்கிள் டின், அதாவது 180-க்கு 50 மில்லிமீட்டர் ஓட்டை. புது செட்டில் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். வண்டிப் பக்க வயர் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பணம் குறைவென்றால் ஆம்ப் பிறகு வாங்கலாம், முதலில் கதவுத் தகட்டின் உள்ளே ஒட்டும், அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டும் நல்ல ஸ்பீக்கரும் போடுங்கள், வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

ஆம்ப் போட்டால் பேட்டரியில் இருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம், இல்லையென்றால் வயர் உரசி ஷார்ட்டானால் வண்டியே எரியும். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகடான ஃபயர்வாலில் வயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடுங்கள். பவர் வயர் ஒரு பக்கம், செட்டில் இருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயர் மறுபக்கம்.

ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஊய்ங் என்று ஏறினால் எர்த்தைப் பாருங்கள். காசிமேட்டுக் கடல்காற்று எர்த் போல்ட்டைத் துருவாக்கிவிடும். பெயின்டைச் சுரண்டி, தகடு மின்னும் வரை தேய்த்து இறுக்குங்கள். ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறினாலும் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் பட்டையை மாற்றிவிட்டுத்தான் ஆம்புக்கு கரண்ட் கொடுங்கள்.