நாள்பட்ட வலி என்று சொல்லிவிட்டார்களா? கடிகாரத்தை எடுத்து வையுங்கள்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவத்தில் நாள்பட்ட வலி என்கிறார்கள். எனக்கு முதுகின் அடிப்பகுதியில். நான் கணக்கு வாத்தியார். பாதி நேரம் போர்டு முன்னால் நிற்பது, மீதி நேரம் குனிந்து பேப்பர் திருத்துவது. இந்த முதுகுக்கு இரண்டுமே ஆகாது. "முழுசா போயிடும்னு சொல்ல முடியாது சார், ஆனா நல்லா வாழலாம்" என்று டாக்டர் சொன்னார். அந்த "நல்லா வாழலாம்" எப்படி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்ததை எழுதுகிறேன். முதுகுவலியை வைத்துச் சொன்னாலும் கழுத்து, மூட்டு, உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்று எதுவானாலும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வையுங்கள். ஆபத்தானது எதுவும் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, அதைத் தினமும் எடுத்துப் படிப்பதில் பிரயோஜனம் இல்லை. "டிஸ்க் தேய்மானம்" என்ற இரண்டு வார்த்தை மனிதனைக் குனியவே பயப்பட வைத்துவிடும். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்திருக்கிறது. வலியே இல்லாதவர்களுக்கு!

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற வலி ஆய்வாளர்கள் இருவர் 1965-லேயே சொன்னது இது: அடிபட்ட இடத்திலிருந்து கிளம்பும் செய்தி அப்படியே மூளைக்குப் போவதில்லை, வழியில் முதுகுத்தண்டிலேயே கூட்டவும் படலாம், குறைக்கவும் படலாம். நாள்பட்ட வலியில் பல பேருக்கு இந்தக் கூட்டும் வேலை நிற்காமல் நடக்கிறது. திருடன் ஓடிப்போன பிறகும் விடிய விடியக் குரைக்கும் நாய் மாதிரி. நாய் குரைப்பது நிஜம்தான், வலியும் நிஜம்தான். ஆனால் ஒவ்வொரு குரைப்புக்கும் வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்று அர்த்தமில்லை. தூக்கம் கெட்டால், கவலை ஏறினால், அசையாமல் கிடந்தால் கூட்டல் அதிகமாகும். அதனால்தான் கீழே சொல்லும் காரியங்களுக்கு வேலை இருக்கிறது.

இனி கடிகாரம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வலிக்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறோம். வலி குறைந்த நாளில் பாக்கி வேலை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வது, மறுநாளும் அதற்கு மறுநாளும் படுத்துக் கிடப்பது, எழுந்ததும் சேர்ந்துபோன வேலையைப் பார்த்து மறுபடி இழுத்துப் போட்டுக்கொள்வது. போகப் போகப் படுக்கும் நாள் கூடும், செய்யும் நாள் குறையும். எப்போது நிறுத்துவது என்ற முடிவை வலியிடம் விட்டுவைத்திருப்பதால் வரும் வினை இது. வலி வந்து "போதும்" என்று சொல்லும் நேரத்தில் நாம் ஏற்கெனவே எல்லை தாண்டியிருப்போம்.

கணக்கு சுலபம். உட்காருவதை எடுத்துக்கொள்வோம். சாதாரணமான மூன்று நாட்களில், உட்கார்ந்ததிலிருந்து வலி தெளிவாக ஏறத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 20, 30, 25 என்று வந்தால் சராசரி 25. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 20. இதுதான் உங்கள் ஆரம்ப அளவு. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 20 நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். ஒன்றிரண்டு வாரம் அது சிரமமில்லாமல் போனால் 22 ஆக்குங்கள். நிற்பதற்கு, நடப்பதற்கு, படியேறுவதற்குத் தனித்தனிக் கணக்கு. சிலருக்கு நடையில் ஆரம்ப அளவு மூன்று நிமிடமாக இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேப்பர் திருத்தும்போது நான் போனில் அலாரம் வைத்து, போனை அடுத்த அறை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடுவேன். அடித்தால் எழுந்துபோய்த்தான் அணைக்க வேண்டும். மேஜை மேலேயே இருந்தால் ஒரு தட்டு தட்டிவிட்டு "இன்னும் ரெண்டே ரெண்டு பேப்பர்" என்று உட்கார்ந்துவிடுவேன். அந்த ரெண்டு எட்டாகும் என்பது வாத்தியார்கள் எல்லோருக்கும் தெரியும். அலாரத்தை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி மெதுவாகப் பின்னால் சாய்ந்து, வாசல் வரை நடந்துவிட்டுத் திரும்புவேன். வந்து பார்த்தால் ஏழாவது கணக்கில் பாதி ஸ்டெப் வரை டிக் போட்ட பேப்பர் அப்படியே திறந்து கிடக்கும். கிடக்கட்டும். பாதியில் விட்டுவிட்டு எழுவதற்கு முதுகைவிட மனசுதான் அதிகமாக முரண்டு பிடிக்கும்.

உடற்பயிற்சியில் எது உசத்தி என்று சண்டை போட வேண்டாம். நடை, நீச்சல், யோகா, பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சி, எது உங்களால் விடாமல் செய்ய முடியுமோ அது. செய்த அன்று கொஞ்சம் வலி கூடுவது சகஜம். மறுநாளும் குறையாவிட்டால் அளவைக் குறையுங்கள். ஆனால் சின்ன வேலைக்கே நாள்கணக்கில் உடம்பு முழுக்க அடித்துப் போட்டது போல ஆகிறது என்றால், டாக்டரிடம் சொல்லாமல் அளவைக் கூட்டாதீர்கள். அது வேறு விஷயமாக இருக்கலாம்.

இவ்வளவு செய்தும் சில நாட்கள் வலி கிளம்பி ஆட்டும். அந்த நேரத்தில் யோசனை ஓடாது என்பதால் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: எந்த வேலையைத் தள்ளலாம், யாரிடம் சொல்ல வேண்டும், டாக்டர் எழுதிய மாத்திரையில் எது எவ்வளவு, வெந்நீர்ப் பை எங்கே. கடைசி வரி, "படுத்தே கிடக்காதே, மணிக்கு ஒரு தடவை வாசல் வரை போ." முதுகுவலிக்கு நாள்கணக்கில் படுக்கை ஓய்வு நல்லதில்லை.

மாத்திரை விஷயத்தில் இரண்டு பயம் உண்டு, ஒன்று நியாயமானது, மற்றது தேவையில்லாதது. ஐபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களே வாங்கித் தினமும் போட்டுக்கொண்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் பாதிக்கலாம், ரத்த அழுத்தம் ஏறலாம். இங்கே பயப்படுங்கள். தலைவலிக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு: சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போட்டால், மாத்திரையாலேயே தலைவலி வரத் தொடங்கலாம்.

தேவையில்லாத பயம், டாக்டர் அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் மாதிரி ஏதாவது எழுதித் தரும்போது வருவது. நெட்டில் தேடினால் மனச்சோர்வுக்கான மருந்து என்று வரும்; "நான் நடிக்கிறேன்னு நினைச்சிட்டாரா?" என்று மனசு வெந்துபோகும். அப்படி இல்லை. இவை வலியைக் குறைக்கும் நரம்புப் பாதைகளிலும் வேலை செய்கின்றன. அமிட்ரிப்டிலினை வலிக்குப் பொதுவாக மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் குறைந்த அளவில்தான் தருகிறார்கள். பிரிகாபலின், கபாபென்டின் வலிப்பு நோய்க்குத் தருபவை, நரம்பு வலிக்கும் உதவுகின்றன. எல்லா வலிக்கும் எல்லாம் பொருந்தாது. பலன் தெரியச் சில வாரம் ஆகலாம். வாய் உலர்தல், காலையில் மந்தம், தலைசுற்றல், குமட்டல் எதுவானாலும் சொல்லுங்கள். நேரத்தையோ அளவையோ மாற்றித் தருவார்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது.

தூக்கத்துக்கு ஒரு விதி போதும்: எப்போது தூங்கினாலும் எழும் நேரம் மாறக் கூடாது.

வீட்டில் எல்லோரும் "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் கவனம் அங்கேயே போய் நிற்கும். கேட்காவிட்டாலும் நமக்குக் கோபம் வரும், அதுவும் உண்மை. என் மகளிடம் உட்கார்ந்து பேசிக் கேள்வியையே மாற்றிக்கொண்டோம். இப்போது "அப்பா, இன்னைக்கு நான் எதைப் பாக்கணும்?" என்று கேட்கிறாள். "தண்ணிக் குடத்த மட்டும் தூக்கி வச்சிடும்மா" என்றால் முடிந்தது. வேலையிடத்திலும் அப்படியே, "லேசான வேலை கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. நான் உயரமான ஸ்டூல் ஒன்றும், மாடி வகுப்புக்குப் பதிலாகக் கீழ் வகுப்பும் கேட்டேன்.

டாக்டரிடம் போகும்போது "ரொம்ப வலிக்குது" என்பதோடு நிற்காதீர்கள். குடைச்சலா, எரிச்சலா, சுருக்கென்று குத்துகிறதா, ஷாக் அடித்த மாதிரி காலுக்கு இறங்குகிறதா, மரத்துப்போகிறதா என்று சொன்னால், நரம்பு வலியா இல்லையா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு வழி கிடைக்கும். போன தடவை செய்ய முடியாமல் இருந்து இப்போது முடிகிற ஒரு காரியத்தையும் சொல்லுங்கள்.

சில அறிகுறிகளுக்குக் கடிகாரமும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். சிறுநீர் வராமல் நின்றுபோவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, இரண்டு தொடைக்கு நடுவில் உணர்ச்சி மரத்துப்போவது, கால் பலம் திடீரென்று குறைவது என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை இறங்குவது ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம் ஆலோசனை சொல்பவர்கள். எண்ணெய், பெல்ட், காந்தம், மெத்தை என்று ஆளுக்கொன்று கொண்டு வருவார்கள், பாசத்தில்தான். நான் மூன்று கேள்வி கேட்பேன்: மொத்தச் செலவு எவ்வளவு, கெடுதல் என்ன வரலாம், பலன் இல்லை என்று எந்தத் தேதியில் முடிவு செய்வது? மூன்றாவதுக்குப் பதில் சொல்லாமல் "தொடர்ந்து வாங்கணும் சார்" என்று இழுத்தால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவேன். அறுவை சிகிச்சை என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன அவசரம் எதுவும் இல்லாத பட்சத்தில், இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் பீரோவில் வைத்த ஸ்கேனை வெளியே எடுக்கலாம்.