ரெக்ரூட்டர் கேட்பது ஒன்று, நீங்கள் சொல்வது ஒன்று: ஐடி வேலையின் முதல் ஃபோன் காலைச் சமாளிப்பது எப்படி?

"மைஎஸ்கியூஎல் எத்தனை வருஷம் சார்?" என்று ஃபோனில் கேட்கிறார்கள். போஸ்ட்கிரஸில் ஆறு வருடம் வேலை பார்த்தவர் நேர்மையாக, "மைஎஸ்கியூஎல் யூஸ் பண்ணதில்லைங்க, போஸ்ட்கிரஸ்தான்" என்கிறார். மறுமுனையில் எக்ஸெல் ஷீட்டின் ஒரு கட்டத்தில் பூஜ்யம் விழுகிறது. பேச்சு மரியாதையாகவே முடிகிறது, ஆனால் அடுத்த அழைப்பு வருவதில்லை. இரண்டுமே டேட்டாபேஸ்கள், இரண்டுக்கும் அடிப்படை ஒரே எஸ்கியூஎல் மொழிதான், ஒரு வாரத்தில் பழகிவிடலாம் என்பது மேனேஜருக்குத் தெரியும். அவர் கண்ணில் பட்டது அந்தப் பூஜ்யம் மட்டும்தான்.

ரெக்ரூட்டர் உங்களைச் சோதிக்க அழைக்கவில்லை. மேனேஜர் அனுப்பிய ஜேடியில் (வேலை விவரக் குறிப்பில்) 'மேண்டேட்டரி' என்று நான்கைந்து ஸ்கில் இருக்கும். அதை வைத்து நௌக்ரி வேலைத் தளத்தில் தேடி, வருட அனுபவம், ஊர், சம்பளம், நோட்டீஸ் பீரியட் என்று வடிகட்டி, மிஞ்சியவர்களுக்கு வரிசையாக ஃபோன் போடுகிறார். பேசப் பேச ஒரு ட்ராக்கர் ஷீட்டை நிரப்புகிறார்: மொத்த அனுபவம், ரெலவன்ட் அனுபவம், ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் எத்தனை வருடம், இப்போதைய சிடிசி (கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை), எதிர்பார்ப்பு, நோட்டீஸ், கடைசியில் 'ரிமார்க்ஸ்'. கன்சல்டன்சி என்றால் அவசரம் இன்னும் கூடும். ஒரே வேலைக்கு இப்படிப் பல வெண்டர்கள் (கம்பெனிக்கு ஆள் பிடித்துத் தரும் நிறுவனங்கள்) ஆள் தேடுவார்கள், ப்ரொஃபைலை முதலில் அனுப்பியவருக்கே அந்த ஆள் சொந்தம். ஆக, நீங்கள் எது சொன்னாலும் அது அந்த ஷீட்டின் ஒரு கட்டத்துக்குள் அடங்கும்படி இருக்க வேண்டும்.

ஃபோன் வரும் முன்பே: ரெஸ்யூமே

தேடலில் வார்த்தை பொருந்தினால்தான் உங்கள் பெயரே மேலே வரும். 'ஈசி2, எஸ்3, லாம்டா' என்று மட்டும் எழுதினால், அவை அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் பாகங்கள் என்பது உங்களுக்குத் தெரியும், தேடுபவருக்குத் தெரியாது. குடும்பப் பெயரை முதலில் போட்டு, உட்பெயரைப் பிறகு போடுங்கள்: 'ஏடபிள்யூஎஸ்: ஈசி2, எஸ்3, லாம்டா', 'லினக்ஸ்: ரெட் ஹேட், உபுண்டு', 'எஸ்கியூஎல்: போஸ்ட்கிரஸ்'. நோட் ஜேஎஸ்ஸைச் சிலர் புள்ளி வைத்து எழுதுவார்கள், சிலர் சேர்த்து எழுதுவார்கள். ஸ்கில் பட்டியலில் ஒரு வடிவத்தையும் ப்ராஜெக்ட் விவரத்தில் இன்னொன்றையும் போட்டுவிட்டால் இரண்டு தேடலிலும் சிக்குவீர்கள். குபெர்னெட்டிஸை 'கே8எஸ்' என்று சுருக்குபவர்களும் முழுப் பெயரை ஓரிடத்திலாவது எழுதுங்கள்.

ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் வேறு வேறு என்று ஃபோனில் பாடம் எடுப்பதில் பயனில்லை. அதை ரெஸ்யூமேயில் தீர்த்துவிடலாம்: 'ஜாவா, பேக்எண்ட்' என்று ஒரு வரி, 'ஜாவாஸ்கிரிப்ட், ஃப்ரண்ட்எண்ட்' என்று இன்னொரு வரி. ஃப்ரண்ட்எண்ட் கருவியான ஆங்குலரும் அப்படித்தான். 2010இல் வந்த ஆங்குலர் ஜேஎஸ் வேறு, 2016இல் திருத்தி எழுதப்பட்ட ஆங்குலர் 2 வேறு. எந்த வெர்ஷன், எத்தனை வருடம், கடைசியாக எந்த ஆண்டு என்று மூன்றையும் எழுதினால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த டிசைன், நட்சத்திரம், ஸ்கில் பட்டை எல்லாம் பார்க்க அழகுதான். மென்பொருள் அதைப் படிக்கும்போது வரிகள் கலைந்துபோகலாம். பிடிஎஃப்பில் எல்லாவற்றையும் செலக்ட் செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கம்பெனிப் பெயரும் தேதியும் சரியான வரிசையில் வராவிட்டால் டிசைனை மாற்றியே ஆக வேண்டும். வெள்ளை நிற எழுத்தில் ஜேடியை ஒளித்து ஒட்டும் பழைய தந்திரமும் வேண்டாம். வெறும் எழுத்தாகத் திறந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஃபோனில்: முதலில் எண், பிறகு விளக்கம்

தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் "அது டிபெண்ட்ஸ்..." என்று ஆரம்பிப்பார்கள். சக இன்ஜினியரிடம் அது பக்குவத்தின் அடையாளம். ரெக்ரூட்டர் காதில் 'தெரியாது' என்றுதான் விழும். பதிலின் முதல் சொல் எண்ணாக இருக்கட்டும், விளக்கம் ஒரே வாக்கியம் போதும்.

கேட்ட ஸ்கில் உங்களிடம் இல்லை, பக்கத்து ஸ்கில் இருக்கிறது என்றால்தான் உண்மையான சிக்கல். பொய் சொல்லக் கூடாது, "இல்லை" என்று மட்டும் சொல்லியும் நிறுத்தக் கூடாது. இப்படிச் சொல்லலாம்:

"எஸ்கியூஎல் ஆறு வருஷம் மேடம், எல்லாம் போஸ்ட்கிரஸ்ல. மைஎஸ்கியூஎல் அதே வகை டேட்டாபேஸ்தான், மாறுறதுக்கு அதிக நாள் ஆகாது. ரிமார்க்ஸ்ல 'போஸ்ட்கிரஸ் 6 வருஷம், மைஎஸ்கியூஎல்லுக்கு இணை'ன்னு போட்டுடுங்க. மேனேஜருக்குப் புரியும்."

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் முக்கியம். எழுத வேண்டியதை நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள், முடிவெடுக்கும் பொறுப்பை மேனேஜரிடம் தள்ளிவிட்டீர்கள். ஃபோனை வைத்ததும் அதே வரியை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்புங்கள், அவர் அப்படியே காப்பி செய்து ஒட்டிக்கொள்வார். ஆனால் உண்மையிலேயே இணையாக இருப்பவற்றுக்குத்தான் இது செல்லும். எஸ்கியூஎல் வகையில் சேராத மாங்கோடிபி தெரிந்துகொண்டு ஆரக்கிள் பிஎல்-எஸ்கியூஎல்லுக்கு இணை என்றால் டெக்னிகல் ரவுண்டில் முதல் ஐந்து நிமிடத்திலேயே வெளுத்துவிடும்.

"பத்துக்கு எத்தனை மார்க் போட்டுக்குவீங்க?" என்பது அர்த்தமில்லாத கேள்விதான், இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். தினமும் கையாளும் கருவிக்கு 8, உதவியில்லாமல் வேலை முடிக்க முடியும் என்றால் 7, தேடிப் பார்த்துச் செய்ய வேண்டும் என்றால் 5. அடக்கத்துக்காக 6 போட்டால் ஷீட்டில் அடக்கம் தெரியாது, 6 மட்டும் தெரியும்.

இருக்கவே முடியாத அனுபவத்தைக் கேட்பதும் உண்டு. பைத்தான் கருவியான ஃபாஸ்ட்ஏபிஐ 2018இல் வெளிவந்தது. 2020இல் ஒரு விளம்பரம் அதில் நான்கு வருடத்துக்கு மேல் அனுபவம் கேட்க, அதை உருவாக்கிய செபாஸ்டியான் ராமிரெஸே தன்னால் விண்ணப்பிக்க முடியாது என்று ட்விட்டரில் எழுதினார். சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம், ஆனால் வேலை வேண்டுமே. மொபைல் ஆப் எழுதும் கருவியான ஃப்ளட்டரின் 1.0 வெர்ஷன் வந்தது 2018 டிசம்பரில்தான். அதில் பத்து வருடம் கேட்டால், "ஃப்ளட்டர் மட்டுமே பத்து வருஷமா மேடம், இல்ல மொபைல் டெவலப்மெண்ட் மொத்தமா பத்து வருஷமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மொத்த அனுபவத்துக்கான எண் தவறான வரியில் ஏறியிருக்கும். இப்படிக் கேட்டால் அவருக்கும் தர்மசங்கடம் இல்லை, மேனேஜரிடம் சரிபார்க்க ஒரு கேள்வியும் கிடைத்துவிடும்.

அனுபவம், சம்பளம், நோட்டீஸ்

மூன்று வருடம் மேனுவல் டெஸ்டிங், நான்கு வருடம் ஆட்டோமேஷன் பார்த்தவருக்கு மொத்தம் 7. ஆட்டோமேஷன் வேலைக்கு ரெலவன்ட் 4. இந்த இரண்டையும் பிரித்தே சொல்லுங்கள். தேதிகளை நீட்ட வேண்டாம். பிஎஃப்பின் யுஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத எண்) கணக்கில் ஒவ்வொரு கம்பெனியிலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் பிடிபடும்.

சம்பளத்தில் கையில் வருவதும் சிடிசியும் குழம்புவதுதான் வழக்கம். சிடிசி 12 லட்சம், அதில் 10 சதவீதம் வேரியபிள் (நிச்சயமில்லாமல் கூடிக் குறையும் பகுதி) என்றால் ஃபிக்ஸட் 10.8 லட்சம். அந்த ஃபிக்ஸடுக்குள்ளேயே கம்பெனி போடும் பிஎஃப்பும், பேசிக்கில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டியும் ஒளிந்திருக்கலாம். ஆகவே "ஃபிக்ஸட் 10.8, வேரியபிள் 1.2" என்று உடைத்துச் சொல்லுங்கள், எதிர்பார்ப்பையும் ஃபிக்ஸடிலேயே சொல்லுங்கள்.

நோட்டீஸுக்கு "நெகோஷியபிள்" என்று மட்டும் சொன்னால் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். "90 நாள், இன்னும் ரிசைன் பண்ணலை, பைஅவுட் உண்டு" அல்லது "ரிசைன் பண்ணியாச்சு, கடைசி நாள் மார்ச் 14" என்று தேதியோடு சொல்லுங்கள். (பைஅவுட் என்றால் மீதி நாட்களுக்குப் பணம் கட்டி முன்பே விலகுவது.)

நீங்கள் கேட்க வேண்டியவை

ஆர்கிடெக்சர் பற்றியோ டெக் டெட் பற்றியோ ரெக்ரூட்டரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, டெக்னிகல் ரவுண்டில் கேட்க வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பதில் தெரிந்தவற்றைக் கேளுங்கள்: ஜேடியை மெயிலில் அனுப்ப முடியுமா? எந்த ஸ்கில் இல்லாவிட்டால் ரிஜெக்ட் ஆகும்? கம்பெனி பேரோலா, தேர்ட் பார்ட்டி பேரோலா (சம்பளம் தருவது யார்)? எத்தனை ரவுண்டு, அதில் கோடிங் உண்டா? கிளையன்ட் பெயர் என்ன? கிளையன்ட் பெயரை அவசியம் கேளுங்கள். வேறொரு வெண்டர் ஏற்கெனவே உங்கள் ப்ரொஃபைலை அங்கே அனுப்பியிருந்தால் டூப்ளிகேட் ஆகி இரண்டுமே நிராகரிக்கப்படலாம். பணம் கேட்கும் கன்சல்டன்சியிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒரு வாரம் சத்தமே இல்லையென்றால் "எனி அப்டேட்?" என்று அனுப்பாதீர்கள், "வில் லெட் யூ நோ" என்றுதான் பதில் வரும். "ப்ரொஃபைல் ஸ்க்ரீனிங்ல இருக்கா, மேனேஜர் கைக்குப் போயிடுச்சா?" என்று கேளுங்கள். ஸ்க்ரீனிங்கிலேயே நின்றிருந்தால், மேனேஜருக்கு ஃபார்வர்ட் செய்யத் தோதாக அந்த ரிமார்க்ஸ் வரியை இன்னொரு முறை அனுப்பி வையுங்கள்.